முருங்கை மரத்திலிருந்து தொலைக்காட்சிப் பெட்டிக்கு



“வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிட்டது” என்று வீட்டில் பாட்டி சொல்ல நீங்கள் கேட்டிருப்பீர்கள். நேற்றுத்தான் இனிச் சண்டை போடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்த தம்பி, இன்று காலையிலேயே அக்காளின் பின்னலைப் பிடித்து இழுத்தால் பாட்டி வேறென்ன சொல்வார்? ஆனால் அந்த வேதாளம் யார், அது ஏன் மரம் ஏறுகிறது என்று வகுப்பில் கேட்டால், பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கின்றனர். பழமொழி எஞ்சி நிற்கிறது, கதை நழுவிவிட்டது.

இந்த வேதாளம் 1985-ஆம் ஆண்டில் மரத்தைவிட்டு இறங்கி, இந்தியாவின் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் புகுந்தது. ‘விக்ரம் அவுர் பேத்தாள்’ என்பது அத்தொடரின் பெயர். விக்கிரமனும் வேதாளமும் என்பது அதன் பொருள். இந்தி மொழியில் எடுக்கப்பட்ட தொடர் அது. எனினும் அதன் பின்னே தமிழரின் கைவண்ணமும், சென்னை மாநகரின் படப்பிடிப்பு நிலையங்களும் எவ்வாறெல்லாம் கலந்திருக்கின்றன என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தேன்.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் பொறுத்தருள்க.

ஓர் அரசனின் அவைக்குத் துறவி ஒருவன் நாள்தோறும் வந்து ஒரு பழத்தைக் காணிக்கையாகக் கொடுத்துச் சென்றான். அரசன் அதை வாங்கிக் கருவூலக் காவலரிடம் கொடுத்துவிடுவான். ஒரு நாள் அப்பழத்தை ஒரு குரங்கு பிடுங்கிக் கடித்தது. உள்ளேயிருந்து விலைமதிப்பற்ற மணி ஒன்று உருண்டு விழுந்தது! பத்தாண்டுகளாக வந்த பழங்களையெல்லாம் தேடிப் பார்த்தால், பழங்கள் அழுகிப்போக, மணிகள் குவியலாகக் கிடந்தன. இவ்வளவு கொடுத்தவன் கேட்பதைச் செய்யாதிருக்கலாமா? துறவி கேட்டது இதுதான்: நள்ளிரவில் சுடுகாட்டுக்கு வரவேண்டும், தொலைவில் ஒரு மரத்தில் தொங்கும் பிணத்தைத் தோளில் சுமந்து கொண்டுவர வேண்டும்.

அப்பிணத்துக்குள் வேதாளம் குடியிருந்தது. அரசன் தூக்கி நடந்தபோது, வழிநடைக் களைப்புத் தீர அது ஒரு கதை சொல்லிற்று. கதையின் முடிவில் ஒரு கேள்வி கேட்டது. விடை தெரிந்திருந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். வாய் திறந்து விடை சொன்னாலோ, வேதாளம் தோளைவிட்டுப் பறந்து போய்ப் பழையபடி மரத்தில் தொங்கும். பேசினாலும் கேடு, பேசாவிட்டாலும் கேடு. அரசன் இருபத்து நான்கு முறை விடை சொன்னான். இருபத்து நான்கு முறையும் திரும்பி நடந்தான்.

இக்கதைகளைப் பதினோராம் நூற்றாண்டில் காசுமீர நாட்டுப் புலவர் சோமதேவர், சூரியமதி என்னும் அரசியின் உவகைக்காகத் தொகுத்த ‘கதாசரித்சாகரம்’ என்னும் வடமொழி நூலில் சேர்த்து வைத்தார். அதற்கும் மூலமான குணாட்டியரின் ‘பிருகத்கதை’ இன்று கிடைக்கவில்லை. நம் கொங்குவேளிர் பாடிய பெருங்கதையும் அதன் வழிவந்ததே. சோமதேவர் நூலில் அரசனின் பெயர் திரிவிக்கிரமசேனன், மரமோ சிம்சுபா. தமிழுக்கு வந்தபோது அரசன் விக்கிரமாதித்தனானான். மரம் முருங்கை ஆயிற்று. முருங்கைக் கிளை சிறுவன் ஏறினாலே முறிந்துவிடும் என்பதை நாம் அறிவோம். பேய் தொங்குவதற்கு அதைவிட உறுதியற்ற மரம் வேறில்லை. ஆயினும் வீட்டுக் கொல்லையில் நிற்கும் மரமாக இருந்தால்தானே பிள்ளைக்கு அச்சம் வரும்!

இன்னொரு செய்தியும் சொல்லத்தக்கது. இக்கதைகளை ஆங்கில உலகம் அறிந்தது 1870-இல் ரிச்சர்ட் பர்ட்டன் எழுதிய நூலால் என்று பலர் எண்ணுவர். அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1831-இல், பாபிங்டன் என்பவர் தமிழ் ‘வேதாளக் கதை’யை ஆங்கிலத்தில் பெயர்த்து இலண்டனில் வெளிவரச் செய்தார்.

இனி, வேதாளத்துக்கு முகம் வந்த கதை. 1947-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பி. நாகி ரெட்டியும் சக்கரபாணியும் சென்னையில் ‘சந்தமாமா’ என்னும் சிறுவர் இதழைத் தெலுங்கிலும், ‘அம்புலிமாமா’ என்று தமிழிலும் தொடங்கினர். அதில் வேதாளக் கதைகள் இதழ்தோறும் வந்தன. பழைய இருபத்தைந்து கதைகளும் தீர்ந்துபோன பிறகும் வாசகர் விடவில்லை. ஆசிரியர் குழுவினர் புதுப்புதுக் கதைகளை வேதாளத்தின் வாயில் வைத்து எழுதிக்கொண்டே போயினர். அக்கதைகளின் தலைப்பில் ஒரு படம் இருக்கும். ஒரு கையில் உருவிய வாள். தோளில் வெள்ளுருவமாகத் தொங்கும் வேதாளம். இருண்ட காட்டில் திரும்பிப் பார்த்தபடி நடக்கும் அரசன். அதை வரைந்தவர் சங்கர் என்னும் கே. சி. சிவசங்கரன். கொங்கு நாட்டுக் காரத்தொழுவு என்னும் சிற்றூரில் 1924-இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். 1952-இல் அம்புலிமாமா நிறுவனத்தில் சேர்ந்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் வரைந்தார். 2020-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் மறைந்தார். மறு ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மசிறீ விருது அறிவித்தது. இந்தியாவின் எந்த மொழிக் குழந்தையாயினும், விக்கிரமன் என்றதும் மனக்கண்ணில் காண்பது பெரும்பாலும் அத்தமிழரின் கைவண்ணத்தையே.

அம்புலிமாமா இப்போது அச்சில் வருவதில்லை. நான் சிறுவனாக இருந்த காலத்தில் சிராங்கூன் சாலைப் பத்திரிகைக் கடைகளில் அது கயிற்றில் தொங்கும். பொங்கோலில் அன்று அடுக்குமாடி வீடுகள் கிடையா. ரப்பரும் தென்னையும், கோழிப் பண்ணையும் பன்றிப் பண்ணையுமே. நகரத்துக்குப் போய்வரும் பெரியவர் எவரேனும் ஓர் இதழ் வாங்கி வந்தால், அது பத்து வீடு சுற்றி, அட்டை கிழிந்துதான் எங்களிடம் வந்து சேரும்.

அந்த இதழைத் தொடங்கிய நாகி ரெட்டியும் சக்கரபாணியுமே ‘பாதாள பைரவி’ (1951), ‘மாயா பஜார்’ (1957) ஆகிய படங்களையும் எடுத்தவர்கள். மாயா பஜாரில் கடோத்கசனின் முன் உணவு தானாகவே வாய்க்குள் பறந்து செல்லும் காட்சியைக் கண்டு வாய்பிளக்காதவர் யார்? அதை ஒளிப்பதிவு செய்தவர் மார்க்கஸ் பார்ட்லி. இன்றைய கணினி எதுவும் அன்று இல்லை. பிள்ளைகளுக்கான இதழும் தந்திரக் காட்சிகளும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாய் வடபழனியில் வளர்ந்தன எனலாம்.

தொலைக்காட்சித் தொடரை எடுத்த இராமானந்த சாகரும் சென்னைக்குப் புதியவரல்லர். 1917-இல் இலாகூருக்கு அருகே பிறந்து, 1947-இல் நாடு பிரிந்தபோது வீடிழந்து பம்பாய்க்கு வந்தவர் அவர். எழுத்தாளர். எஸ். எஸ். வாசனின் ஜெமினி நிறுவனத்துக்காக ‘பைகாம்’ (1959) என்னும் இந்திப் படத்துக்கு உரையாடல் எழுதிப் பரிசு பெற்றார். அதே கதையே தமிழில் ‘இரும்புத்திரை’யாக வந்தது. பின்னர்ச் சொந்தமாகப் பல வெற்றிப் படங்களை எடுத்தார். அறுபது வயதைக் கடந்த பின்பு, பெரிய திரையை விட்டுவிட்டுச் சின்னத்திரைக்குப் போகிறேன் என்று அவர் புறப்பட்டபோது பலர் தலையை ஆட்டியிருப்பர்.

அவர் உள்ளத்தில் இருந்தது இராமாயணம். ஆனால் முடியும் அணிகலனும் பூண்ட பழங்கதையைத் தொலைக்காட்சியில் யார் பார்ப்பர் என்று பணம் போட வேண்டியவர்கள் தயங்கினர். அக்காலத்தில் இந்தியத் தொலைக்காட்சி என்றால் தூர்தர்ஷன் ஒன்றுதான். 1982-இல்தான் வண்ண ஒளிபரப்பு வந்தது. 1984-இல்தான் ‘ஹம் லோக்’ என்னும் முதல் நெடுந்தொடர் வந்தது. நிலைமை இவ்வாறிருக்க, பெரிய காப்பியத்துக்கு முன்னால் சிறிய கதைகளை எடுத்துக் காட்டிப் பார்ப்போம் என்று சாகர் துணிந்தார். பூனா திரைப்படப் பயிலகத்தில் ஒளிப்பதிவு கற்ற அவர் மகன் பிரேம் சாகர் இம்முயற்சியில் துணை நின்றார். சிறுவர் கதைதானே என்று அவர்கள் எளிதாக எண்ணவில்லை. இது தோற்றால் இராமாயணமும் தோற்கும்.

விக்கிரமனாக அருண் கோவில் நடித்தார். வேதாளமாக நடித்தவர் சஜ்ஜன். பழைய திரைப்படங்களில் பல வேடங்கள் ஏற்ற முதியவர். நரைத்த நீண்ட கூந்தலும், குறும்பும் அச்சமும் கலந்த சிரிப்புமாக அவர் வந்தார். என் எண்ணத்தில் தொடரின் வெற்றியில் பாதி அச்சிரிப்புக்கே உரியது. உண்மையிலேயே கோரமான பேயாக அவர் இருந்திருந்தால், பிள்ளைகள் தாயின் முந்தானைக்குள் ஒளிந்திருப்பர். பெட்டியையும் அணைக்கச் சொல்லியிருப்பர். வேடிக்கையான கிழவராக மட்டும் இருந்திருந்தால், ஞாயிறு மாலை விளையாட்டை விட்டு எவரும் வந்திரார். கைவிரல் இடுக்கு வழியே பார்க்கும் அளவுக்கு அச்சம் வேண்டும். அந்த அளவை அவர் அறிந்திருந்தார்.

வேதாளம் எவ்வாறு மறைந்தது, எவ்வாறு பறந்தது என்று மாணவர்கள் கேட்பீர்கள். தந்திரக் காட்சி எடுப்பதற்கு அக்காலத்தில் பொதுவாகக் கையாளப்பட்ட வழிகளைச் சொல்கிறேன். மிகப் பழையது, படக்கருவியை நிறுத்தி எடுப்பது. கருவியை அசையாமல் ஓரிடத்தில் நிறுத்தி ஒருவரைப் படம் பிடிக்கிறோம். கருவியை நிறுத்துகிறோம். அவர் எழுந்து போய்விடுகிறார். மீண்டும் கருவியை ஓட்டுகிறோம். பார்ப்பவருக்கு அவர் நொடியில் மறைந்தது போலத் தோன்றும். பாரிசு நகரில் மெலியே என்பவர் தெருவைப் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது கருவி சிக்கி நின்று மீண்டும் ஓட, திரையில் ஒரு பயணிகள் வண்டி திடீரெனப் பிணவண்டியாக மாறிற்றாம். அவ்வாறுதான் இத்தந்திரத்தைக் கண்டதாக அவரே கூறியிருக்கிறார். அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி. சுடுகாட்டுக் கதைக்குப் பொருத்தமான தொடக்கந்தான்!

மற்றொன்று, நீலத்திரை. நடிகர் ஒரே சீரான நீல நிறத் திரையின் முன் நின்று நடிப்பார். மின்னணுக் கருவி, படத்தில் நீலம் எங்கெங்கு உள்ளதோ அங்கெல்லாம் அதை அகற்றிவிட்டு வேறொரு படத்தை வைக்கும். அறைக்குள் முக்காலி மேல் குப்புறப் படுத்திருப்பவர் காட்டின் மேல் பறப்பார். முக்காலிக்கும் நீலத் துணி போர்த்தவேண்டும் என்பதை மறக்கக்கூடாது. நடிகர் நீலச் சட்டை அணிந்து வந்துவிட்டாலோ அவர் வயிறு மாயமாகிவிடும். தலையும் கையும் மட்டும் மரங்களிடையே மிதக்கும். நீலத்தைத் தேர்ந்ததற்கும் காரணமுண்டு. மனிதத் தோலில், எந்நிறத்தவராயினும், நீலம் மிகக் குறைவு. இப்போது பெரும்பாலும் பச்சைத் திரையைப் பயன்படுத்துகின்றனர்.

இன்றைய பிள்ளைகளுக்கு அக்காட்சிகளைக் காட்டினால் நகைப்பர். உருவத்தைச் சுற்றி விளிம்பு நடுங்கும். பறப்பவரின் நிழல் தரையில் விழாது. நகைக்கட்டும். ஆயினும் கதை முடிந்து வேதாளம் கேள்வி கேட்கும்போது அவர்கள் முகத்தைக் கவனியுங்கள்.

தொடர் 1985 அக்டோபர் 13 முதல் 1986 ஏப்ரல் 6 வரை, ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணிக்கு ஒளிபரப்பாயிற்று. மொத்தம் இருபத்தாறு பகுதிகள். வாரத்துக்கு ஒரு கதை; அதே தொடக்கம், அதே தோள், அதே சிரிப்பு, வேறு கேள்வி. முந்திய வாரம் பார்க்கத் தவறியவருக்கும் இழப்பில்லை. வேதாளம் கேட்பது அரசனை மட்டுமன்று; பெட்டிக்கு முன் பாயில் உட்கார்ந்திருப்பவரையும்தான். அரசன் விடை சொல்லுமுன் நாம் சொல்லிவிட வேண்டும் என்று வீடே பரபரக்கும். ஆயிரம் ஆண்டுகளாக இக்கதையைத் தூக்கி நிறுத்தியிருப்பது அந்தப் பரபரப்பே.

பணம் போடத் தயங்கியோரின் ஐயமும் ஒருவாறு தீர்ந்தது. பழங்கதையை மக்கள் பார்க்கின்றனர் என்பது தெளிவாயிற்று. 1987 சனவரி 25-ஆம் நாள் சாகரின் இராமாயணம் தொடங்கியது. விக்கிரமனாக நடந்த அருண் கோவில் இராமரானார். வேதாளம் சொன்ன கதைகளில் நடித்த தீபிகா சீதையாகவும், சுனில் லாகிரி இலக்குவனாகவும், மல்லர் தாராசிங் அனுமனாகவும் வந்தனர். 78 பகுதிகள் ஓடிய அத்தொடரின் பெருமையை யாவரும் அறிவர். அதற்கு வழி திறந்துவிட்ட வேதாளத்தைப் பலர் மறந்தனர்.

நம் சிங்கப்பூரில் 1963 பிப்ரவரி 15-ஆம் நாள் தொலைக்காட்சி தொடங்கியது. தொடங்கி வைத்தவர் அன்றைய கலாசார அமைச்சர் எஸ். இராசரத்தினம். வீட்டில் பெட்டி இல்லாதோர் சமூக நிலையங்களில் நின்றபடியே பார்த்த காலம் அது. வேதாளத் தொடரோ எங்களுக்கு வீடியோ நாடாவாகத்தான் வந்தது. 1988-ஆம் ஆண்டளவில் இந்தியா சென்று திரும்பிய உறவினர் ஒருவர் எனக்கு ஒரு நாடாவைக் கொடுத்தார். பிரதிக்குப் பிரதி எடுத்தது. படமெல்லாம் பனி பெய்தது போலிருக்கும். எனக்கு இந்தி தெரியாது. ஆயினும் கதை தெரியுமே!

அதற்கு முந்திய ஆண்டுதான் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மொழி என்னும் நிலை வந்திருந்தது. தமிழ் வகுப்பில் பிள்ளைகள் எழுதுவார்கள், படிப்பார்கள். வாய் மட்டும் திறவார்கள். பேசாதிருந்தால் தலை வெடிக்கும் என்று சொல்லிப் பார்த்தாலென்ன என்று எனக்குத் தோன்றிற்று. அப்போது நான் பணியாற்றிய பள்ளியில் நாடாவைப் போட்டேன். பத்து மணித்துளி ஓடியதும் நாடா கருவிக்குள் சிக்கிக்கொண்டது. இழுத்தால் அறுந்துவிடும். வகுப்போ ஆவலோடு காத்திருக்கிறது. வேறு வழியின்றி, நூலிலிருந்து வேறொரு கதையை நானே சொல்லலானேன்.

நான்கு உடன்பிறந்தார் நான்கு வித்தைகள் கற்றுவந்தனர். காட்டில் ஓர் எலும்புத் துண்டு கிடந்தது. ஒருவன் அதன்மேல் தசையை வளரச் செய்தான். இரண்டாமவன் தோலும் மயிரும் உண்டாக்கினான். மூன்றாமவன் மற்ற உறுப்புகளை அமைத்தான். நான்காமவன் உயிர் கொடுத்தான். எழுந்தது சிங்கம்; நால்வரையும் கொன்றது. இவர்களுள் பெரும் குற்றவாளி யார்? “உயிர் கொடுத்தவனே, மற்றவர்கள் அது என்ன விலங்கென்று அறியாமல் செய்தனர், அவனோ முழு உருவத்தையும் கண்டபின் செய்தான்” என்பது அரசன் கூறிய விடை. நான் அதைச் சொல்லி முடித்தேன்.

கடைசி வரிசையில் ஒரு பையன். ஆண்டு முழுவதும் அவன் குரலை நான் கேட்டதில்லை. வீட்டில் ஆங்கிலமே பேசுபவன். எழுந்து நின்றான். “இல்லை சார். அரசன் தப்பு. ரெண்டாவது ஆள்தான்…” என்றான். ஏன் என்றேன். சொல் கிடைக்கவில்லை. இரு கைகளாலும் தன் கழுத்தைச் சுற்றிக் காட்டி, “இந்த… கழுத்து முடி… அது வச்சவனுக்குத் தெரியும் சார், சிங்கம்னு!” என்றான்.

பிடரி மயிர் என்று கரும்பலகையில் எழுதினேன். சோமதேவரும் எண்ணாத விடை அது. வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. அவன் பக்கம் பதினோரு பேர். அரசன் பக்கம் ஒன்பது பேர். எல்லாரும் ஒரே நேரத்தில் தமிழில் பேசினர். பிழையான தமிழ்தான்; நான் திருத்தவில்லை.

மறுநாள் கடைசிக் கதையையும் சொல்லும்படி கேட்டனர். அரசனை இழந்த ஓர் அரசியும் அவள் மகளும் காட்டு வழியே நடந்து போயினர். வேட்டைக்கு வந்த ஒரு தலைவனும் அவன் மகனும் அவர்களின் காலடித் தடங்களைக் கண்டனர். பெரிய அடியை உடையவளைத் தந்தையும், சிறிய அடியை உடையவளை மகனும் மணப்பதென்று உறுதி செய்துகொண்டனர். கண்டுபிடித்த பின்புதான் தெரிந்தது, மகளின் பாதமே பெரியது என்று! சொன்ன சொல் தவறாமல் தந்தை மகளையும், மகன் தாயையும் மணந்தனர். இரு பெண்களுக்கும் பிள்ளைகள் பிறந்தன. அப்பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன உறவு?

இதற்குத்தான் அரசன் வாய் திறவாமல் நடந்தான். விடை தெரியாததால் தலையும் வெடிக்கவில்லை. வேதாளம் மனம் மகிழ்ந்து, “துறவி உன்னை விழுந்து வணங்கச் சொல்வான், அரசனாகிய எனக்கு வணங்கத் தெரியாது, நீயே வணங்கிக் காட்டு என்று சொல்” என்று உயிர் தப்பும் வழியைச் சொல்லிக்கொடுத்தது. ஆனால் என் வகுப்புப் பிள்ளைகள் துறவியைப் பற்றிக் கவலைப்படவில்லை. கடைசி வரிசைப் பையன் சுண்ணக்கட்டியை வாங்கிக்கொண்டு கரும்பலகைக்கு வந்துவிட்டான். கோடுகள் போட்டான். மாமா, சிற்றப்பா, பேரன், மைத்துனன் என்று ஒவ்வொருவர் ஒவ்வொன்றைக் கூவ, எழுதினான், அழித்தான், மறுபடி எழுதினான். மணி அடித்துவிட்டது. அடுத்த வகுப்பு ஆசிரியை வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தார்.